ரெக்கார்ட் ஆகுது... யார் போனில்?

திங்கட்கிழமை காலையில் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால், குறைதீர் கூட்டத்துக்கு வந்து நிற்கிறவர்கள் கையில் மனுவோடு போனும் இருக்கும். முன்பெல்லாம் மனுவுக்குத் துணையாக ஒரு ஜெராக்ஸ் கட்டு வரும். இப்போது பட்டா மாறுதலுக்கு எழுதிப் போட்டதும், ரேஷன் கார்டில் பேர் சேர்த்ததும், கட்டணம் கட்டியதும் திரையில் நடந்து முடிகிற காரியங்கள். "சைட்ல போட்டு ரெண்டு மாசம் ஆச்சு சார், அப்படியே நிக்குது" என்று வாயால் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து, விண்ணப்ப எண்ணை அடித்து, கடைசியில் 'நிலுவையில்' என்று வந்து நிற்பதுவரை வீடியோவாகக் காட்டினால் கொஞ்சம் பார்க்கிறார்கள்.

அந்த வீடியோவுக்குப் பெயர் ஸ்கிரீன் ரெக்கார்டிங். போனின் மேல் ஓரத்திலிருந்து கீழே இழுத்தால் டார்ச், வைஃபை, புளூடூத் வரிசையில் அதுவும் ஒரு பட்டனாகக் கிடக்கிறது. அமுக்கினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டு, திரையில் ஓடுவதை எல்லாம் வீடியோவாகச் சேர்க்க ஆரம்பித்துவிடும். மனு கொடுப்பவர் அமுக்குவதும் இதைத்தான். வீடியோ காலில் ஒருவரின் முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் பறிக்கிறவன் அமுக்குவதும் இதைத்தான்.

இது ஒன்றும் பழைய வசதி இல்லை. 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-ல் போனைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்துக் கட்டளை அடித்தால்தான் ரெக்கார்ட் ஆகும். அதுவும் மூன்று நிமிடம்தான். 2014-ல் 5.0 வந்தபோது, போன்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு செயலிகளே திரையைப் பதிவு செய்யலாம் என்று கூகுள் வழிவிட்டது. பிளே ஸ்டோரில் ரெக்கார்டர் செயலிகள் குவிந்தன. ஐபோனில் 2017-ல் ஐஓஎஸ் 11-உடன் இந்த பட்டன் உள்ளேயே வந்தது. ஆண்ட்ராய்டில் அது எல்லோருக்குமான வசதியாக ஆனது 2020-ல், 11-ஆம் பதிப்பில். சில கம்பெனிகள் அதற்கு முன்பே தங்கள் போன்களில் சொந்தமாக வைத்திருந்தன.

முதலில் இதில் தேர்ந்தவர்கள் பப்ஜி விளையாடிய பையன்கள். தான் சுட்டதை யாராவது பார்க்காவிட்டால் சுட்டதற்கே அர்த்தம் இல்லை என்கிற வயது. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜியை மத்திய அரசு தடை செய்தபோது, விளையாட்டு போனது. ரெக்கார்ட் செய்யும் பழக்கம் போகவில்லை.

பெரியவர்கள் இந்த பட்டனுக்கு வந்தது பின்னால்தான். வந்ததும் முதல் புகார் சத்தத்தைப் பற்றித்தான். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ எந்த செல்போன் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"தம்பி, வாட்ஸ்அப் காலை ரெக்கார்ட் போட்டேன். படம் வருது, பேசுறது வரலியே?"

"அது அப்படித்தாண்ணே. கால்ல வர்ற சத்தத்தை போன் விடாது."

கடைக்காரத் தம்பி சொல்வது சரி. ரெக்கார்ட் போடும்போது போன் ஒரு கேள்வி கேட்கும்: சத்தம் போனுக்குள் ஓடுவதா, மைக்கில் விழுவதா, இரண்டுமா? நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும், பாட்டு, வீடியோ, கேம் சத்தம் ஏறுமே தவிர, பல ஆண்ட்ராய்டு போன்களில் அழைப்பில் பேசுகிறவர் குரல் ஏறாது. ஆண்ட்ராய்டு அதைத் தனி வகையாகப் பிரித்துப் பூட்டி வைத்திருக்கிறது. அழைப்பு நடக்கும்போது மைக்கும் அழைப்புச் செயலியின் கைக்குப் போய்விடுகிறது. 2022 மே மாதத்தில் கால் ரெக்கார்டர் செயலிகளையே கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து வெளியேற்றியதும் இதே வழியில் வந்த முடிவுதான். குரலுக்கு இவ்வளவு காவல். முகத்துக்கு? அதற்குக் கடைசியில் வருவோம்.

வாத்தியார் போட்ட ரெக்கார்ட்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் ராத்திரியில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தினார்கள். காற்றுச் சத்தம் மைக்கில் விழக் கூடாது. பக்கத்து வீட்டு டி.வி.யும் ஓய்ந்திருக்க வேண்டும். போனில் பாடப் பக்கத்தைத் திறந்து வைத்து, ரெக்கார்ட் பட்டனை அமுக்கி, விரலால் வரி வரியாகத் தொட்டுக் காட்டிப் பேசி, அந்த வீடியோவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது. கேமரா கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. 2019 ஆகஸ்ட்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தன் சொந்த வாத்தியார் குரலில், தன் வகுப்புப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பாடத்துக்கு இருந்த மரியாதை வேறு.

அந்தக் காலத்தின் மறுபக்கமும் தமிழ்நாட்டில்தான் வெளிப்பட்டது. 2021 மே மாதத்தில் சென்னையில் ஒரு பிரபல தனியார் பள்ளியின் ஆசிரியர் ஆன்லைன் வகுப்பில் அரைகுறை உடையில் வந்து உட்கார்ந்ததும், மாணவிகளிடம் தவறாக நடந்துகொண்டதாக எழுந்த புகார்களும் ஊரையே உலுக்கின. திரையில் பிடித்த படங்களும் முன்னாள் மாணவிகளின் சாட்சியங்களும் சமூக ஊடகத்தில் வெளிவந்த பிறகுதான் கைது நடந்தது. மே 26-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வெளியிட்ட அறிவிப்பில், இணையவழி வகுப்புகள் முழுவதுமாகப் பதிவு செய்யப்பட வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் கொண்ட குழு அந்தப் பதிவுகளை அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும் என்று இருந்தது. இந்தியாவில் திரைப் பதிவை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே ஒரு மாநில அரசு கேட்டது என்ற வகையில் அது முக்கியமான அறிவிப்பு. பதிவு செய்யும் கை பள்ளியுடையதாகவே இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளையின் போனில் இருக்கும் அதே பட்டனைப் பற்றி யாரும் பேசவில்லை. வெளியே வந்த உண்மை என்னவோ அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

அதே வருடம் அக்டோபர் 27-ஆம் தேதி 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது மரக்காணம் பக்கத்தில் இருக்கும் முதலியார்குப்பத்தில். விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகள் திரையிலிருந்து திண்ணைக்குத் திரும்பினார்கள். ஆசிரியர்கள் போனில் அந்த ராத்திரிப் பாடங்கள் மட்டும், இடத்தை அடைத்துக்கொண்டு, அழிக்க மனம் வராமல் கிடந்தன.

'இன்று' என்றால் என்றைக்கு?

கடன் கொடுத்தவர், சீட்டு கட்டியவர், ஆன்லைனில் பொருள் வாங்கி ஏமாந்தவர், மிரட்டல் மெசேஜ் வந்தவர் எல்லோரும் இப்போது முதலில் செய்வது ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. வக்கீல்கள் வீடியோவாகவே கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். தனித்தனிப் படத்தில் நடுவில் நாலு மெசேஜை விட்டுவிட முடியும். மேலிருந்து கீழ்வரை உருட்டிக்கொண்டே போகிற ஒரே வீடியோவில் அது கஷ்டம்.

ஆனால் எடுக்கிற விதத்தில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப் உரையாடலில் அன்றைய மெசேஜுக்கு மேல் 'இன்று' என்றுதான் இருக்கும். முந்தைய நாளுக்கு 'நேற்று'. ஒரு வாரத்துக்குள் உள்ளவற்றுக்குக் கிழமை மட்டும். மிரட்டல் வந்த சூட்டோடு ரெக்கார்ட் செய்தவரின் வீடியோவில் தேதியே இருக்காது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கிற இன்ஸ்பெக்டருக்கு 'இன்று' என்றால் எந்த நாள்? அதனால் ரெக்கார்டைத் தொடங்கியதும் மேல் ஓரத்தை ஒருமுறை இழுத்துத் தேதியும் மணியும் தெரிய விட்டு, பிறகு உரையாடலுக்குள் போக வேண்டும். அடுத்தது பெயர். 'மாமா', 'செங்கல் சூளை', 'ராஜி அக்கா' என்று நம் போனில் சேமித்திருக்கும் பெயர் நாம் வைத்தது. யார் நம்பருக்கும் எந்தப் பெயரும் வைக்கலாம். பெயரைத் தொட்டு உள்ளே போய், நம்பர் முழுதாகத் தெரியும்படி இரண்டு விநாடி நிற்க வேண்டும். பணம் போயிருந்தால் யு.பி.ஐ. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க எண்ணைக் காட்ட வேண்டும். சில செயலிகள் அந்த இடத்தில் ரெக்கார்டிங்கை விடாது. அப்போது இன்னொரு போனால் படம் பிடிப்பதுதான் வழி. உருட்டுவது மெதுவாக, படிக்கிற வேகத்தில்.

எடுத்து முடித்த பிறகும் கவனம் வேண்டும். அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் போகும். போய்ச் சேர்வது வேறு ஒரு கோப்பு. 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போகும். இது ஏன் முக்கியம் என்றால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-யின் வாரிசு இது. புதிய படிவத்தில் கோப்பின் 'ஹேஷ்' மதிப்பை எழுத வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்குப் போட்டு வரும் ஒரு நீண்ட எண் அது. வீடியோவில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும்.

அந்தச் சான்றிதழில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்றில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்து. மற்றதில் நிபுணர் கையெழுத்து. அந்த நிபுணர் யார்? 2024 அக்டோபர் 30-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் கொடுத்த ஒரு தீர்ப்பில் இந்தக் கேள்வி நேரடியாக வந்தது. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களை எடுத்து விவாகரத்து வழக்கில் கணவர் தாக்கல் செய்திருந்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்றார் நீதிபதி. கூடவே, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்படி தமிழ்நாட்டுக்கு நிபுணர்களை மத்திய அரசு அறிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். முதல் பாதிக்கு ஆயுசு குறைவாகப் போய்விட்டது. 2025 ஜூலை 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பஞ்சாப் பக்கத்து ஒரு வழக்கில், வாழ்க்கைத் துணையின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் குடும்ப வழக்கில் அதை ஏற்கலாம் என்று சொன்னது. இரண்டாவது பாதியின் பாரம் சாதாரண ஆளின் தலையில் இன்னும் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் கைமாற்றுக்கு வழக்குப் போடுகிறவர் நிபுணர் கையெழுத்துக்கு எங்கே போவார், எவ்வளவு கொடுப்பார்? சட்டம் எழுதியவர்கள் பெரிய கம்பெனி வழக்குகளை மனதில் வைத்து எழுதியது மாதிரித்தான் தெரிகிறது.

வீடியோ கையில் இருக்கிறதே என்று மூல உரையாடலை அழித்துவிடுவதும், தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் அந்த போனையே கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குவதும் இன்னொரு கொடுமை. ரெக்கார்டிங் என்பது நகல்தான். மூலம் அந்தப் பழைய போனுக்குள் இருந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில், கருவியின் சொந்தக்காரர் அந்தக் கருவியையே கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று சொல்லியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் போன போனைக் கூண்டில் ஏற்ற முடியாது.

நகலுக்கு இன்னொரு குணமும் உண்டு. மூலத்தின் அடையாளங்களை அது துடைத்துவிடும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்கள் நின்றன. இது மாதிரி நாட்களில் ராடார் படமும், விண்டி செயலியில் சுழலும் காற்றும், யாரோ எங்கேயோ போட்ட வெள்ள வீடியோவும் ரெக்கார்ட் ஆகி ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸாக ஏறும். வதந்தியைக் கட்டுப்படுத்த வாட்ஸ்அப் 2018-ல் 'ஃபார்வர்டு' முத்திரையைக் கொண்டுவந்தது. 2020-ல், பலமுறை சுற்றிய மெசேஜை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றும் கட்டுப்படுத்தியது. ரெக்கார்ட் செய்து அனுப்பினால் முத்திரையும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. எத்தனையோ வருடத்துக்கு முந்தைய வெள்ளம், இன்று காலை எடுத்த வீடியோவாகப் புதுப் பிறவி எடுத்துவிடும்.

திரையைக் கொஞ்சம் காட்டுங்க சார்

இதே தொழில்நுட்பத்தின் உடன்பிறப்பு ஸ்கிரீன் ஷேரிங். ஒன்று திரையைச் சேமிக்கிறது, மற்றது திரையை அந்த நொடியே இன்னொருவருக்கு அனுப்புகிறது. இரண்டுக்கும் ஆண்ட்ராய்டு கேட்கும் அனுமதிப் பெட்டி கிட்டத்தட்ட ஒன்றேதான். 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் செயலியைக் காட்டி யு.பி.ஐ. பணம் திருடப்படுவதாக ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பிறகு ராஜு என்பவரை வைத்து நாற்பது மோசடிக் கதைகள் கொண்ட படப் புத்தகமே வெளியிட்டது. அப்போது தனியாக ஒரு செயலியை இறக்க வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்ட்டில் வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே ஸ்கிரீன் ஷேரிங் வந்த பிறகு, திருடனுக்கு அந்த வேலையும் மிச்சம்.

"பேங்க்ல இருந்து பேசறோம் சார். கே.ஒய்.சி. முடிஞ்சிருச்சு. வீடியோ கால்ல வாங்க, எந்த பட்டனைத் தொடணும்னு நானே சொல்றேன்." பேச்சு மரியாதையாகவே இருக்கும். வங்கிச் செயலியும் பின் நம்பர் அடிக்கும் பக்கமும் அவனுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் அவனுக்கு அது வேண்டாம். அட்டை நம்பரைச் சாதாரண இணையப் பக்கத்தில் அடிக்க வைப்பான். மேலே எட்டிப் பார்க்கும் எஸ்.எம்.எஸ்.ஸில் ஓ.டி.பி.யைப் படித்துக்கொள்வான். 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15, திரையைப் பகிரும்போது ஓ.டி.பி. அறிவிப்பை மறைத்துவிடுகிறது. இப்படி ஏமாறுகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் பேரனோ மகனோ விட்டுக்கொடுத்த பழைய போன். அதில் 15 வராது.

இன்னும் மோசம், கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகள். தொட்டால் ஒரு செயலி உள்ளே இறங்கி, எஸ்.எம்.எஸ். படிக்கவும் திரையைக் கவனிக்கவும் அனுமதி கேட்கும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே விழுந்திருக்கும். 2024-ல் மட்டும் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்ததாகப் புகார் வந்த தொகை 22,845 கோடி ரூபாய்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பல்கள் பற்றி 2024 அக்டோபர் 27-ஆம் தேதி மன் கி பாத்தில் பேசிய பிரதமர், பதறாமல் நிற்கச் சொன்னதோடு, முடிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ரெக்கார்ட் செய்யுங்கள் என்றும் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ காலில் கத்திக்கொண்டிருக்கும்போது, மேல் ஓரத்தை இழுத்து பட்டன் தேடும் நிதானம் எத்தனை பேருக்கு வரும்? அழைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிப்பது அதைவிட எளிது. பணம் போன ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடித்தால் அதை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் பிறகு போகலாம்.

வயசுப் பையன்களையும் ஓய்வுபெற்றவர்களையும் ஒன்றுபோல விழ வைப்பது வீடியோ கால் மிரட்டல். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் எதிரே ஒரு பெண்ணின் ஆபாச வீடியோ. அது ஏற்கெனவே எடுத்து வைத்த படம். இந்தப் பக்கத்தவர் முகம் மூலையில் சின்னக் கட்டத்தில் தெரியும். சில விநாடிகள் போதும். அது அங்கே ரெக்கார்ட் ஆகி, அடுத்த நிமிடம் அவருக்கே திரும்பி வரும், சொந்தக்காரர்கள் பட்டியலோடு. பெண்களுக்கு நடப்பது வேறு விதம். பழகியவனே, நம்பிப் பேசிய அழைப்பைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பதற்கு மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது. படத்தை நம் போனிலிருந்து எங்கும் அனுப்பாமலே, அதன் ஹேஷ் எண்ணை மட்டும் கொடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஏறாமல் தடுக்கும் 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவச ஏற்பாடும் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. இரண்டையும் பற்றித் தெரியாமல் பணம் கட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஓ.டி.டி.யில் ஒரு படத்தை ரெக்கார்ட் செய்து பாருங்கள், கறுப்பாக வரும். வங்கிச் செயலி கறுப்பு. வாட்ஸ்அப்பிலேயே ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய போட்டோ, 2022 முதல் கறுப்பு. 'இந்தப் பக்கத்தைப் பிடிக்காதே' என்று செயலி ஒரு வரி சொன்னால் போன் கேட்டுக்கொள்கிறது. தயாரிப்பாளரின் படத்துக்கும் வங்கியின் பக்கத்துக்கும் அந்த ஒரு வரி இருக்கிறது. வீடியோ காலில் வருகிற முகத்துக்கு இல்லை.

அப்படி மொத்தமாகக் கறுப்பாக்கவும் வேண்டாம். மிரட்டுகிறவனைப் பதிவு செய்ய அந்த பட்டன் தேவைப்படும் என்பதை மேலே பார்த்தோம். ஆனால் எதிரே இருப்பவர் ரெக்கார்ட் செய்கிறார் என்று ஒரு வரி காட்டுவதில் என்ன கஷ்டம்? ஜூமிலும் கூகுள் மீட்டிலும் அவர்கள் சொந்த ரெக்கார்டிங் தொடங்கினால் எல்லோருக்கும் அறிவிப்பு வருகிறது. 2025 அக்டோபரில், தெரியாத நம்பருக்குத் திரையைப் பகிரப் போனால் எச்சரிக்கும் வசதியை வாட்ஸ்அப் அறிவித்தது. ஆக, எச்சரிக்கத் தெரியாமல் இல்லை. தன் திரை பதிவாகிறதா என்பதை ஐபோனில் ஒரு செயலி 2017-லிருந்தே தெரிந்துகொள்ள முடியும். ஆண்ட்ராய்டிலும் 15-ஆம் பதிப்பு முதல் முடியும். முதல் முனையில் இருக்கும் செயலிக்குத் தெரிகிற விஷயம், மறுமுனையில் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பவருக்கு மட்டும் இன்னும் சொல்லப்படவில்லை.